தையல் இயந்திரம் கொடுத்தோம், காணி யாரிடம் இருக்கிறது?

வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010-இல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவரே சொன்னார். அன்றிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் 'ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்போம்' என்று மாதப் பணம், ஆடு, கோழி, தையல் இயந்திரம் என அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் எந்த வாசல்வரை போகிறது என்று கேட்டாக வேண்டும்.

உதவியில் பெரும்பகுதி ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள் வழியாகப் போகிறது. ஊர் என்றால் சாதியும்தான். போர்க்காலத்தில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போக முடிந்தவர்களில் பலர், விற்கவோ அடகு வைக்கவோ காணியும் நகையும் வைத்திருந்தவர்கள். தாழ்த்தப்பட்ட சாதிகளின் குடியிருப்புகளிலிருந்து அப்படிப் போனவர்கள் குறைவு. அங்குள்ள பெண்ணின் பெயரை யார் பட்டியலில் எழுதுவார்கள்?

வன்னியில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பிக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்த மலையகத் தமிழர்கள். பிறர் வயலில் கூலி வேலை செய்தார்கள். போரின் கடைசி மாதங்களில் அவர்களும் செத்தார்கள். ஆனால் போருக்குப் பின், காணிக்குப் பத்திரம் இல்லாததால் பலர் வீட்டுத்திட்டத்துக்குக்கூடத் தகுதி பெறவில்லை. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் கொடுத்தது. அதை வாங்க முதலில் காணி வேண்டும்.

காணி இல்லாதவளிடம் ஆட்டைக் கொடுத்து 'சொந்தக் காலில் நில்' என்கிறோம். ஆடு மேய்வது யார் நிலத்தில்? ஒரே தெருவில் பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் துணி தைக்கக் கொடுப்பது யார்? வருமானம் வராதபோது வாசலில் வந்து நின்றது நுண்கடன் நிறுவனம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வசூலிக்க வந்தவர்களின் மிரட்டலையும் பாலியல் தொந்தரவையும் 2018-இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணரிடமே பெண்கள் முறையிட்டார்கள். அதே ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. சிக்கல் அதோடு தீரவில்லை. 2021-இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாகிரகம் இருந்தார்கள்.

ஆகவே கொடுப்பதை நிறுத்த வேண்டாம், கொடுக்கும் முறையை மாற்றுவோம். பயனாளிகள் பட்டியலை யார் தயாரித்தார்கள், அதில் ஊரின் கடைசிக் குடியிருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் தனி ஆளுக்கு மட்டும் போகாமல், பெண்களே நடத்தும் சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் போகட்டும். குறைந்த வட்டிக்கு அங்கே கடன் கிடைத்தால் நுண்கடன்காரனுக்கு வேலை இல்லை. தையல் இயந்திரத்தோடு அவளை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுவதை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் காணி கேட்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். 2017-இல் கேப்பாப்பிலவில் இராணுவம் பிடித்துவைத்த நிலத்தின் வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்து ஒரு பகுதியை மீட்டதில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். இராணுவத்திடம் காணி கேட்ட தமிழ்ச் சமூகம், காணியே இல்லாமல் வைக்கப்பட்ட தன் சொந்தப் பெண்களுக்கும் அதே குரலில் கேட்க வேண்டும். தன் பெயரில் காணி இருக்கும் பெண்ணுக்கு நாம் அனுப்பும் ஆடு உதவியாக இருக்கும். இல்லாதவளுக்கு அது இன்னொரு சுமை.