சபைக்கு ஒரு ஸலாம்

2019ஆம் ஆண்டில் இலங்கையும் யப்பானும் தொழிலாளர் தொடர்பான உடன்பாடொன்றைச் செய்துகொண்டன. வரிப்பத்தான்சேனையில் என் உறவினர் மகன் ஒருவன் இப்போது யப்பானிய மொழி பயில்கின்றான். அவனிடம் கேட்டறிந்தவற்றுள் என் சிந்தையைக் கவர்ந்தது, அம்மொழியினர் ஒரு கூட்டத்தாருக்கு முகமன் கூறும் முறையே.

'மினாசான்' என்று தொடங்குவர். பின்னர் காலையாயின் 'ஒஹாயோ கொஸாய்மஸ்', பகலாயின் 'கொன்னிச்சிவா', இரவாயின் 'கொன்பன்வா'. 'மினா' என்றால் எல்லோரும். 'சான்' என்பது நாம் பெயரோடு சேர்க்கும் 'அவர்கள்' போன்றது. (தன் பெயரோடு தானே அதைச் சேர்த்துக்கொள்வது அங்கே பிழை. நம்மவர் சிலர் கவனிப்பார்களாக!) மதிப்பு மிகுந்த சபையில் அது 'மினாசாமா' ஆகும். 'கொன்னிச்சிவா' என்பதோ முற்றுப்பெறாத வாக்கியம். 'இன்றைய நாளோ' என்ற அளவில் நின்றுவிடும். எஞ்சியதைத் தாழ்ந்த தலை சொல்லும்.

இனி நம் மேடைக்கு வருவோம். தலைவர் அவர்களே, பிரதம அதிதி அவர்களே, கௌரவ அதிதி அவர்களே, விசேட அதிதி அவர்களே என்று ஒலிபெருக்கி முழங்குகின்றது. ஒரு பெயர் விடுபட்டால் மனத்தாங்கல்; அதற்கு அஞ்சியே பட்டியல் நீள்கின்றது. கடைசியில், 'மற்றும் வருகை தந்திருக்கும் அனைவருக்கும்' என்பர். யார் இந்த 'மற்றும்'? ஒருநாள் அறுவடைக் கூலியை விட்டுவந்த காக்காமார். மகள் பரிசு பெறுவதைக் காண வெயிலில் நடந்துவந்த உம்மாமார். சபையே அவர்கள்தாம் அன்றோ?

நம்மிடம் சொல் இல்லாமலில்லை. 'சபையோரே' என்பது நல்ல தமிழ் விளி. 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதன் ஈற்றிலுள்ள 'கும்' பன்மை. தனியொருவரைக் கண்டாலும் பலருக்குரிய சொல்லாலேயே வாழ்த்துகின்றோம். நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிலராயிருப்போர் பலராயிருப்போருக்கும் முந்தி ஸலாம் கூற வேண்டும் என்பது நபிமொழி காட்டும் ஒழுங்கு. மேடையிலிருப்போர் சிலர், கீழிருப்போர் பலர்.

"ஸலாம் கூறித்தானே தொடங்குகின்றோம்?" என்பர். ஆம், எல்லோருக்கும் ஈந்த அதனை மறுகணமே பெயர்ப் பட்டியலால் பறித்துக்கொள்கின்றோம்.

யப்பானியர் வரிசை பாராதவர் என்று நான் சொல்ல வரவில்லை. குனியும் அளவிலும் அவர்களிடம் தரம் உண்டு. ஆயினும் கடைசி வரிசையில் இருப்பவனும் 'சான்' என்ற மரியாதையைப் பெற்ற பின்னரே பேச்சுத் தொடங்குகின்றது. நம் பகுதிப் பாடசாலைகளுள் ஒன்றேனும் அடுத்த பரிசளிப்பு விழாவில் ஸலாமோடும் வணக்கத்தோடும் முகமனை முடித்துப் பார்க்கட்டும். அதிதிகளின் பெயர்கள்தாம் அழைப்பிதழில் அச்சாகி இருக்கின்றனவே!