வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?

சர்க்கார் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கும் சட்டம் தமிழகத்தில் 2020-ல் வந்தது. கூலிக்காரர் குடிசையிலிருந்தும் மில் தொழிலாளி வீட்டிலிருந்தும் இன்று கூடுதலாகப் பிள்ளைகள் டாக்டர் படிப்புக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளை லீவுக்கு வந்ததும் தெருவில் கேட்கிற முதல் கேள்வி என்ன? "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா? மேலே என்ன ஸ்பெஷல்?"

தோழர்களே, இந்தக் கேள்வியை நம் வாயில் போட்டது யார்? இருதயத்துக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று ரோடு நெடுகப் பலகை வைத்து வியாபாரம் செய்கிறார்களே, அவர்கள்தான். ஆபரேஷன் செய்ய நிபுணர் வேண்டும்; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உழைப்பாளி வீட்டுக்கு வருகிற நோய் முதலில் அங்கே போய் நிற்பதில்லை.

பஞ்சு உடைக்கும் டிபார்ட்மெண்டில் வேலை செய்பவரைக் கேளுங்கள். வார லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சு இறுகும். வாரக் கடைசியில் கொஞ்சம் தேவலை. பஞ்சுத் தூசி தரும் நோய் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இதற்குத் தனி அடையாளம் கிடையாது. நோயாளி சொல்லும் பேச்சுத்தான் அடையாளம். "எந்த டிபார்ட்மெண்டில் வேலை, எத்தனை வருஷமாக?" என்று கேட்காத டாக்டர் இருமல் மருந்து எழுதி அனுப்பிவிடுவார். சேற்றில் நின்று நாற்று நட்டவளுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலோ என்று சந்தேகிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்தவனுக்கு வேர்த்துக் கொட்டி, வாயில் நீர் வடிந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. பிள்ளைக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம், பாட்டிக்குச் சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்து, யாரை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்றும் முடிவு செய்ய வேண்டும். இதுதான் குடும்ப வைத்தியம். இதையா "வெறும்" என்கிறோம்?

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்கு 1961-ல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் போனார். பெரிய ஆராய்ச்சியாளர்களிடம் வேலை செய்தவர், கம்யூனிஸ்ட். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், கிராமத்தில் வயது வந்தோர் அனைவரின் ரத்த அழுத்தத்தையும் அளக்க முனைந்தார். ஒரு தொந்தரவும் தெரியாமல் உள்ளுக்குள் அழுத்தம் ஏறி நின்றவர்களைக் கண்டுபிடித்து, விடாமல் மருந்து கொடுத்தார். கால் நூற்றாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே அகால மரணம் குறைந்திருந்தது. வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் இவரே. சந்தை எவ்வளவு புகுகிறதோ அவ்வளவுக்கு இது முற்றும் என்றார்.

இப்படி ஒரு டாக்டரை நம் மாணவன் கண்ணால் பார்க்கிறானா? இல்லை. பெரிய ஆஸ்பத்திரி வார்டில், முற்றிய நோயைத்தான் பார்க்கிறான். கடைசி வருஷப் பயிற்சியில் பலர் கையில் இருப்பது மேல்படிப்புப் பரீட்சையின் கேள்விப் புத்தகம். டாக்டர் சமூக வைத்தியராக இருக்க வேண்டும் என்று போர் கமிட்டி 1946-லேயே சொன்னது. மாணவர்கள் முதல் வருஷம் முதலே சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2022-ல்தான் வந்தது. நல்லதுதான். நோட்டுப் புத்தகத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கும் சடங்காக அதை ஆக்கிவிட்டால் பயன் இல்லை.

மாணவனுக்கு உபதேசம் மட்டும் செய்தால் நியாயமாகாது. தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்தவன் வருமானத்தைப் பார்க்கத்தான் செய்வான். குடும்ப வைத்தியத்திலும் எம்.டி. பட்டம் உண்டு, நம்மில் பலருக்கு அது தெரியாது. இடங்களோ சொற்பம். அந்த இடங்களைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு சர்க்கார் கல்லூரியிலும் அதற்கென்று இலாகா வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு நிபுணருக்குச் சமமான சம்பளமும் இருக்க வீடும் வேண்டும். சங்கக் கூட்டங்களில் பஞ்சப்படியோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்த லீவில் பிள்ளை வந்தால் ஒரு நாள் ஷிப்ட் விடும் நேரத்துக்கு மில் வாசலுக்கு அழைத்துப் போங்கள். எத்தனை பேர் இருமிக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.