21 நாள்ல ஸ்ப்ளிட் கேரண்டியாம்!

மே மாசம் வந்தா என் ஓ.பி.ல ஒரு புதுக் கூட்டம். சம்மர் கேம்ப் ஜிம்னாஸ்டிக்ஸ் குழந்தைகள். நேத்து வந்தது 9 வயசுப் பொண்ணு. பத்து நாளா மணிக்கட்டு வலி. கோச் சொன்னாராம், "ஆரம்பத்துல அப்படித்தான், பழகிடும்."

பழகாதுங்க. குழந்தைகளோட எலும்பு நுனியில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கு. எலும்பு நீளுறதே அங்கதான். கையை ஊன்றித் தலைகீழா நிக்கும்போது மொத்த எடையும் அதுமேல. வலியோட தினமும் அதையே செஞ்சா அந்த முன்கை எலும்போட வளர்ச்சியே பாதிக்கலாம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வேண்டாம்னு சொல்லல. உருளட்டும், தொங்கட்டும், குதிக்கட்டும். நாள் பூரா போன் பாக்குறதுக்கு எவ்வளவோ மேல். என் கோபம் அந்த "கேரண்டி" போர்டு மேல. தீபா கர்மாகர் 6 வயசுல ஆரம்பிச்சவங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் வால்ட்ல 4-வது இடம் வந்தப்ப வயசு 23. உங்களுக்கு மூணே வாரம், கடைசி நாள் ஷோ, சர்டிபிகேட், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்!

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் உக்காந்து பாருங்க. அழுற குழந்தையோட தொடையைப் பிடிச்சு அமுக்குறாங்களா? கையோட கூட்டிட்டு வந்துடுங்க. டிராம்போலின்ல ஒரே நேரத்துல நாலு பேரா? அப்பவும். (பெரிய பையன் குதிக்கிற வேகத்துல சின்னது பறக்கும். உடையிறது பெரும்பாலும் சின்னதோட எலும்புதான்.) பெற்றோரை உள்ள விடமாட்டோம்னா யோசிக்கவே வேண்டாம்.

அந்தப் பொண்ணுக்கு 6 வாரம் ஓய்வு எழுதினேன். அவ அப்பா கேட்டார்: "வெள்ளிக்கிழமை ஷோ மட்டும் பண்ணிக்கட்டுமா டாக்டர்?"