அட்டைப் பெட்டியில் மஞ்சள் பனியன்

பரீட்சையில் பிட் அடித்து ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கியவர் பிற்பாடு ஹெட்மாஸ்டர் ஆகிறார். ஒருநாள், ‘ஆமாம், பிட் அடித்தேன்’ என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்கப்புறமும் அவரையே ஹெட்மாஸ்டராக வைத்திருப்பீர்களா? சைக்கிள் பந்தய உலகத்தில் வைத்திருந்தார்கள்.

டென்மார்க்கின் பியார்னே ரீஸ் 1996-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தபோது வயது 32. அந்த வருஷம் பிரனீஸ் மலையில், ஓட்டகாம் ஏற்றத்தில் அவர் செய்ததை வீடியோவில் பாருங்கள். முன்னால் போகிறவர், வேண்டுமென்றே பின்தங்கிப் போட்டியாளர்களின் முகங்களைப் பார்க்கிறார், யாருக்கு எவ்வளவு மூச்சு மிச்சமிருக்கிறது என்று! பிறகு ஒரே மிதி. ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்த ஸ்பெயினின் இந்துராயின்கூடப் பின்னால் நின்றுபோனார். விஷயம் தெரியாமல் பார்த்தால் புல்லரிக்கும்.

விஷயம், ஈ.பி.ஓ. என்ற மருந்து. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். ரத்தம் குழம்பாகி உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது கொசுறு. ரீஸுக்குப் பந்தய வட்டாரத்தில் பட்டப்பெயரே ‘மிஸ்டர் 60 சதவிகிதம்’. 1997-ல் சர்வதேச சங்கம் சிவப்பணுவுக்கு வைத்த வரம்பு 50.

2007 மே மாதம் ஒப்புக்கொண்டார். ‘மஞ்சள் பனியன் வீட்டில் அட்டைப் பெட்டியில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி சொன்னார். பட்டத்தைப் பறிக்க முடியவில்லை. எட்டு வருஷக் கெடு தாண்டிவிட்டதாம். இரண்டாமவருக்குக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். இரண்டாவது உல்ரிச், மூன்றாவது விராங்க். ரெண்டு பேருமே ஊக்கமருந்து எடுத்ததைப் பிற்பாடு ஒப்புக்கொண்டவர்கள்!

பட்டம் தொலையட்டும். என் கோபம் பதவி மேல். ஒப்புக்கொண்ட அன்று ரீஸ், சி.எஸ்.சி. அணியின் முதலாளி, டைரக்டர். எப்போது பாய வேண்டும், எப்போது பதுங்க வேண்டும் என்று காரில் வந்தபடி பையன்களுக்கு உத்தரவு போடுகிற வேலை. பையன்களின் சம்பளமும் அவர் கையில். அந்த நாற்காலி ஆடவே இல்லை. 2013-ல் அணியை விற்றார், 2015 மார்ச்சில் வெளியேறினார். அந்த ஜூனில் வந்த டென்மார்க் விசாரணை அறிக்கை, தன் அணியில் மருந்து புழங்கியது தெரிந்தும் அவர் தடுக்கவில்லை என்றது. தண்டனை? அதே பழைய காலக்கெடு. 2020-ல் என்.டி.டி. அணிக்கு மேனேஜராகத் திரும்பியும் வந்தார்.

திருந்தியவரை மன்னிக்கக் கூடாதா? தாராளமாக மன்னிக்கலாம். அதற்காகப் பையன்களை ஒப்படைக்க வேண்டுமா?

பிரான்ஸின் கிறிஸ்தோஃப் பாசோன்ஸ் மருந்தே தொடாதவர். 1999 டூரின்போது பத்திரிகையில் ஊக்கமருந்து பற்றி வெளிப்படையாக எழுதினார். சக வீரர்கள் ஒதுக்கிவைத்தார்கள். பாதியிலேயே வீடு திரும்பினார். 2001-ல் தொழிலையே விட்டார். உண்மையைச் சொல்லுங்கள், அவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?