விரிவாக்கல் சேவை இல்லாமல் நிலையான விவசாயம் இல்லை

2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலோடு இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. நவம்பர் முடிவதற்குள் அரசு தடையைக் கைவிட்டது. ஆனால் அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் படுத்தது. நாடு அரிசியை இறக்குமதி செய்தது. இன்று சேதன விவசாயம் என்று பேச்செடுத்தாலே கமக்காரர் முகம் சுளிக்கிறார்கள். எமக்குப் பெருங்கவலை தருவது இதுதான். மண்ணைக் காக்கும் விவசாயம் வேண்டும். அதைத் தடையுத்தரவால் கொண்டுவர முடியாது, கமக்காரருக்கு அறிவையும் ஆலோசனையையும் கொண்டுசேர்க்கும் விரிவாக்கல் சேவையால் முடியும் என்பதே எமது கமக்காரர் அமைப்பின் நிலைப்பாடு.

ஒரு அந்தர் யூரியாவில் ஏறத்தாழ 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவைப் பெற 2 தொன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் பயிருக்கு மெல்ல மெல்லத்தான் போய்ச் சேரும். யூரியாவை எவ்வளவு குறைக்கலாம், கூட்டெருவை எப்போது இடலாம் என்பதெல்லாம் வயலுக்கு வயல் வேறுபடும். வரம்பில் நின்று காட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஒருகாலத்தில் இருந்தார். 1980களின் இறுதியில் கிராம மட்ட விவசாய விரிவாக்க அலுவலர்கள் கிராம அலுவலர்களாக மாற்றப்பட்டார்கள். அந்த இடைவெளி இன்றுவரை முழுதாக அடைபடவில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பின் விரிவாக்கம் பெரும்பாலும் மாகாணத்திடமும் ஆராய்ச்சி மத்தியிடமும் பிரிந்து கிடக்கின்றன. பல கிராமங்களைச் சுமக்கும் விவசாயப் போதனாசிரியர் மானியப் படிவங்களோடும் மல்லுக்கட்டுகிறார். கபிலநிறத் தத்தி கண்ட கமக்காரர், வாடிய நெற்பயிரைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக்கடைக்கே ஓடுகிறார். கடைக்காரர் தன்னிடம் உள்ள போத்தலைக் கொடுக்கிறார். அவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

சரியான ஆலோசனை இல்லாததன் விளைவை யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பார்க்கலாம். வெங்காயத்துக்கு அள்ளி இட்ட பசளை, சுண்ணக்கல் நிலத்தினூடே இறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருக்கிறது. குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

எனவே அரசிடம் கேட்கிறோம்: போதனாசிரியர் வெற்றிடங்களை நிரப்புங்கள். படிவ வேலையிலிருந்து அவர்களை விடுவியுங்கள். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் மண் பரிசோதனைக்கு வழி செய்யுங்கள். முடிவு விதைப்புக்கு முன்னர் கைக்கு வர வேண்டும். பயிற்சிக்கு அழைக்கும்போது காணி உறுதியில் பெயருள்ளவரை மட்டும் அழைக்காதீர்கள். நாற்று நடும், களை பிடுங்கும் பெண்களையும் அழையுங்கள். இரசாயனப் பசளையைப் படிப்படியாகக் குறைக்க எமது உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். இந்த ஏற்பாடுகள் இல்லாமல் எடுக்கப்படும் எந்தத் திடீர்த் தீர்மானத்தையும் எமது அமைப்பு ஏற்காது.