வாசலில் ஒரு காவல், உள்ளே ஒரு காவல்

எங்கள் தளவானூர் குகைக்கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து செய்த கோயில். முகப்பில் இரண்டு துவாரபாலகர்கள். அதோடு விட்டானா? உள்ளே கருவறை வாசலிலும் தனியாக இரண்டு பேர். வெளிக்காவல் வேறே, உள்காவல் வேறே என்று அந்த ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு காவல்காரனை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்வான் என்று அடுப்படிக்குப் போய்விடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு வீடு. மூத்த பையனுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் இப்போது எட்டாம் வகுப்புத் தங்கையிடம் இருக்கிறது. என்.எம்.எம்.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறாள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. அந்த வீட்டில் அது சின்ன காசு இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் வலது ஓரத்தில் திடீர் திடீரென்று ஆபாசப் படங்கள் வர ஆரம்பித்தன. கூடவே "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று மிரட்டல், நடுநடுவே சூதாட்ட விளம்பரம். பெண் வாயே திறக்கவில்லை. தான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டதாக நினைத்து இரண்டு வாரம் லேப்டாப்பைத் தொடாமலே இருந்திருக்கிறாள். ஒருநாள் அப்பா கண்ணில் பட்டுவிட்டது. "இனிமே அந்தப் பொட்டியே வேணாம், தூக்கிப் பரண்ல போடு!"

அம்மாக்காரி என்னிடம் வந்தாள். "அக்கா, டிஃபெண்டர்னு ஒண்ணு உள்ளேயே இருக்காமே. முழுசா ஓட்டிப் பார்த்தேன், ஒண்ணும் இல்லேன்னுது. அப்புறம் எப்படிக்கா இந்தக் கண்றாவி வருது?"

நல்ல கேள்வி. டிஃபெண்டர் பொய் சொல்லவில்லை. அதன் வேலை வைரஸைப் பிடிப்பது. ஆளை ஏமாற்றிப் பணம் பறிக்கும் சில தளங்களை அடையாளம் கண்டு எச்சரிக்கவும் செய்யும். ஒரு படம் குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. கேஸ் கசிகிறதா என்று பார்க்க வந்தவரிடம் பால் திரிந்துவிட்டதே என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

அந்த லேப்டாப்பில் நடந்தது இதுதான். பாடத்தைத் தேடிய ஏதோ ஒரு தளம், "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறது. குழந்தை "அலோ" என்பதை அழுத்தியிருக்கிறாள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு கண்டதையும் அனுப்புகிறார்கள். தளத்தை மூடினாலும் விடாது. குரோமில் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பேரையெல்லாம் "பிளாக்" செய்யுங்கள். மேலேயே, இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கக்கூடாது என்றும் வைத்துவிடலாம். அந்த வீட்டில் பதினோரு பேர் பட்டியலில் இருந்தார்கள். பத்து நிமிஷ வேலை, படங்கள் நின்றன.

இது வாசலைப் பெருக்கினது மட்டும்தான். இனி உள்காவல். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, "ஸ்டாண்டர்ட்" வகையில் ஆரம்பித்துக் கொடுங்கள். "அட்மினிஸ்ட்ரேட்டர்" கணக்கு உங்களிடமே இருக்கட்டும். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் கெட்டிக்காரப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடும்.

அடுத்தது டி.என்.எஸ். தளத்தின் பேரைச் சொன்னால் விலாசம் சொல்லும் தபால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆபாசத் தளத்துக்கு மட்டும் விலாசம் சொல்ல மறுக்கிற தபால்காரரை நாமே நியமித்துக்கொள்ளலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-லிருந்து இதை இலவசமாகத் தருகிறது. எண்கள் 1.1.1.3, 1.0.0.3. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் அந்த வைஃபை பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். வைஃபையில் சேரும் போன்களுக்கும் சேர்த்துக் காவல். எங்கள் ஊரில் பல வீடுகளில் போனின் ஹாட்ஸ்பாட்தான். அப்படியானால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸில், டி.என்.எஸ். என்ற இடத்தில் "மேனுவல்" என்று மாற்றி எழுத வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதே இடத்தில் ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு இருக்கும். முதலாவதை மட்டும் நிரப்பினால் இரண்டாவது வழியாகப் பழைய தபால்காரர் வந்துவிடுவார். ஐபிவி6-க்கு 2606:4700:4700::1113 என்று எழுதுங்கள். குரோமில் செக்யூரிட்டி பக்கத்தில் "செக்யூர் டி.என்.எஸ்." என்பதில் வேறு நிறுவனத்தின் பேர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இந்த ஏற்பாடு ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும்தான் தடுக்கும். சூதாட்டத் தளங்களை விட்டுவிடும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசு சட்டமே போட்டுவிட்டது, ஆனாலும் கள்ளத்தனமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கத் தடையின் கதியும் தெரிந்ததுதானே? உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், 2018-ல் 827 ஆபாசத் தளங்களை மூடச் சொன்னார்கள். புதுப் பேரில் புதுக் கடை முளைக்க எத்தனை நாள் ஆகும்!

குறிப்பிட்ட தளங்களைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டி உண்டு. காசு இல்லை. குழந்தையின் கணக்கைச் சேர்த்து, வேண்டாத தளங்களின் பேரை எழுதிவிடலாம். ஒரு சங்கடம், அந்த வடிகட்டல் எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். குரோமே வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

"ஹோஸ்ட்ஸ்" என்ற கோப்பில் தளத்தின் பேரை எழுதித் தடுக்கும் பழைய வழியும் உண்டு. நாலைந்து பேருக்கு அது போதும். ஆனால் திருட்டு நிரல்களும் அதே கோப்பில்தான் கை வைக்கும் என்பதால் டிஃபெண்டருக்கு அதன்மேல் ஒரு கண். மைக்ரோசாஃப்டின் சொந்த விலாசங்களைத் தடுத்து எழுதினால், 2020-லிருந்து அது ஆபத்து என்று கூச்சல் போட்டு, கோப்பைப் பழையபடி மாற்றிவிடவும் பார்க்கும். இதற்காக "டிஃபெண்டரை அணைத்துவிடுங்கள்" என்று வீடியோவில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்காவல் வைக்க வெளிக்காவலை வீட்டுக்கு அனுப்புவார்களா?

அந்தப் பெண்ணிடம் அவள் அம்மா, நான் சொன்னபடி, ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "இந்த மாதிரி ஏதாவது வந்தா மூடிட்டு என்கிட்ட வந்து சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்." யாராவது படம் அனுப்பு என்று கேட்டாலோ மிரட்டினாலோ 1098 குழந்தைகள் உதவி எண், பணம் போய்விட்டால் உடனே 1930. காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

லேப்டாப் பரணுக்குப் போகவில்லை. கூடத்து மேஜையில், திரை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டாக அப்பா தன் மோட்டார் சைக்கிள் நம்பரை வைக்கலாம் என்றார். "அது தம்பிக்குக்கூடத் தெரியுமேப்பா!" என்று அவளே சிரித்தாளாம். உங்கள் வீட்டில் அது கல்யாண நாளா, பிள்ளையின் பிறந்த நாளா? இன்றைக்கே மாற்றிவிடுங்கள். செல்போனை அடுத்த இதழில் பார்ப்போம்.