கார் ஸ்டார்ட் ஆகலையா? காரணம் இ20 பெட்ரோலா, பேட்டரியா, டைமிங் பெல்ட்டா? சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2025-ல் நாடு முழுக்கப் பரவலான பிறகு, காரில் எந்தக் கோளாறு வந்தாலும் பழி பெட்ரோல் மேல்தான் விழுகிறது. மைலேஜ் குறைந்தாலும் சரி, காலையில் கார் ஸ்டார்ட் ஆகலைன்னாலும் சரி, "எல்லாம் எத்தனால் பண்ற வேலை" என்பதே பலரின் முதல் முடிவு.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்க, பெட்ரோலைத் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால், பெல்ட் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரிக்கும் அளவுக்குப் போய்விடலாம்.

இ20 மீதான புகாரில் எவ்வளவு உண்மை?

புகார் முழுக்கப் பொய்யல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ஏற்ப சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் சொன்னது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் போன்றவற்றை மாற்ற வேண்டி வரலாம் என்றும் கூறியது. இ20-ஐ எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது.

ஸ்டார்ட்டிங் விஷயத்தில்? கடும் குளிரில் எத்தனால் சட்டென ஆவியாகாது. முழு எத்தனாலிலும் ஓடும் பிரேசில் கார்கள் பலவற்றில், குளிரில் ஸ்டார்ட் செய்யவே தனியாக ஒரு சின்ன பெட்ரோல் டேங்க் இருந்தது. ஆனால், வெறும் 20 சதவீதக் கலவைக்கு, சென்னை, மதுரை வெயிலில் இது பெரிய பிரச்சனை இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பங்க்கில் பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரிலேயே கார் திணறி நின்றால், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம். அப்போது பில்லைப் பத்திரமாக வையுங்கள். டேங்க்கில் இருந்து எடுத்த சாம்பிளையும் கண்ணாடி பாட்டிலில் வைத்திருங்கள். பழைய பெட்ரோலிலேயே பல நாள் நன்றாக ஓடிய கார் திடீரென ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் வேறு.

செல்ஃப் சத்தம் என்ன சொல்கிறது?

* சத்தமே இல்லை, டேஷ்போர்டு விளக்கும் மங்கல்: பேட்டரி இறங்கியிருக்கலாம் அல்லது டெர்மினலில் உப்பு பூத்திருக்கலாம். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் சந்தேகமே வேண்டாம்.

* 'டிக் டிக் டிக்' என்று மட்டும் சத்தம்: பெரும்பாலும் இதுவும் பேட்டரிதான். விளக்கு பளிச்சென எரிந்து ஒரே ஒரு 'டக்' சத்தம் வந்தால் செல்ஃப் மோட்டாரைப் பாருங்கள்.

* செல்ஃப் வழக்கம்போல் சுற்றுது, வண்டி பிடிக்கலை: பெட்ரோல் வரவில்லை அல்லது ஸ்பார்க் இல்லை. சாவியை 'ஆன்' செய்ததும் பின்சீட் பக்கம் ஓரிரு விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் வரும். அது வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் மூன்றையும் பார்க்கணும். சாவி படம் போட்ட விளக்கு மின்னினால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை.

* செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்ர்' என்று சுற்றுது: இதுதான் எச்சரிக்கை மணி. இன்ஜினில் கம்ப்ரஷன் இல்லை. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள்.

டைமிங் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது, வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வேண்டும். கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றணும். இந்த இரண்டையும் கட்டிவைத்திருப்பது ஒரு ரப்பர் பெல்ட் அல்லது இரும்புச் சங்கிலி.

அது ஒரு பல் நகர்ந்தாலே கார் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், பிக்கப் குறையும், மிஸ்ஸிங் அடிக்கும். முழுசாக அறுந்தால், இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் திறந்திருக்கும் வால்வு மீது பிஸ்டன் மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் அடிபடும்.

முன்கூட்டியே தெரியுமா?

சங்கிலி இருக்கும் கார் என்றால் தெரிய வாய்ப்பு அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் 'கடகட'வென்று சத்தம் வந்து அடங்கினால், சங்கிலியோ டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம். ஆயில் குறைவாக இருந்தாலும் இதே சத்தம் வரும். எனவே முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

பெல்ட் பெரும்பாலும் சொல்லாமல்தான் அறுகிறது. அதனால் கிலோமீட்டர் கணக்குதான் ஒரே பாதுகாப்பு. பல கார்களில் 60,000 முதல் 1 லட்சம் கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். உங்கள் காருக்கு எத்தனை என்பது கார் மேனுவலில் இருக்கும். வண்டி அதிகம் ஓடவில்லை என்றாலும், அதில் சொல்லியிருக்கும் வருடக் கணக்கு முடிந்தால் மாற்றியே ஆகணும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள், பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

"ஸ்கேனர் போட்டீங்களா, என்ன கோடு வந்துச்சு?" என்று கேளுங்கள். பி0016 என்று வந்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பி0335 என்றால் கிராங்க் சென்சார், பி0340 என்றால் கேம் சென்சார் சர்க்யூட்.

சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகும் காரில் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் அதிகம். அதற்கு சென்சார் மாற்றினாலே போதும், இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. அதேபோல கோடு வந்த உடனே சென்சாரை மாற்றிவிடவும் கூடாது. வயரிங்கையும் டைமிங் குறியையும் பார்த்த பிறகுதான் முடிவு செய்யணும். 'இன்ஜின் வேலை' என்று எஸ்டிமேட் வந்தால், கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும்.
* பேட்டரி இறங்கிய மேனுவல் கியர் காரை மட்டுமே தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். பெல்ட் அறுந்திருந்தால் தள்ளத் தள்ள சேதம்தான். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளிப் பயனில்லை.
* மழை வெள்ளத்தில் நின்ற காரில் சாவியே போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டோ வண்டிதான் வழி.

இ20 பற்றிய விவாதம் தொடரட்டும். ஆனால் உங்கள் கார் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் பெல்ட் மாற்றியது என்று தெரியாவிட்டால், அந்த பில்லை இன்றைக்கே தேடி எடுத்துவிடுங்கள்.